திருகோணமலை முதல் சீஷெல்ஸ் வரை பாய்ப் படகில்: வாழைச்சேனைத் தம்பிக்குப் பதில்

கேள்வி: நான் வாழைச்சேனையில் பலநாள் படகில் தொழில் செய்கிறேன். வயது 27. அறுகம்பேயில் பழக்கமான ஓர் ஐரோப்பியத் தம்பதியின் 42 அடிப் பாய்ப் படகு இப்போது திருகோணமலையில் நிற்கிறது. ஜனவரி நடுப்பகுதியில் புறப்பட்டு, காலி, மாலைதீவு வழியாக சீஷெல்ஸ் போகிறார்களாம். என்னையும் கூப்பிடுகிறார்கள். சாப்பாடும் படுக்க இடமும் உண்டு, சம்பளம் இல்லை. எனக்குக் கடலில் பயமில்லை. அப்பாதான் வேண்டாம் என்கிறார். போகலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: போகலாம் தம்பி. ஆனால் சீஷெல்சுக்கு இப்போதே சரி சொல்ல வேண்டாம். காலி வரைக்கும் வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். திருகோணமலையிலிருந்து காலிக்குச் சுமார் 250 கடல் மைல். அந்த அளவுப் படகு ஒரு நாளைக்கு 120 கடல் மைல் ஓடும், நல்ல காற்றென்றால் 140. ஆக இரண்டு நாள், இரண்டு இரவு. கப்டன் எப்படிப்பட்ட ஆள், நெருக்கடியில் கத்துகிறாரா யோசிக்கிறாரா, படகு எங்கே ஒழுகுகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். சரிவராது என்று பட்டால் காலியில் இறங்கி பஸ் ஏறலாம். மாலைதீவைத் தாண்டிவிட்டால் அடுத்த நிலம் வரைக்கும் அந்த ஆட்களோடும் அந்தப் படகோடும்தான் இருக்க வேண்டும்.

இந்த 250 மைலைச் சின்ன ஓட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். முழுப் பயணத்திலும் கூடுதல் கவனம் கேட்பது நம்முடைய கிழக்குக் கரைதான் என்பது என் கருத்து. ஜனவரியில் வாடைக்காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கிறது. அப்படியான நேரத்தில் எஞ்சினும் நின்று பாயும் கிழிந்தால், படகைக் காற்று நேராகக் கொண்டுவந்து கரையில் ஏற்றிவிடும். ஒதுங்குவதற்கு இடமும் கிடையாது. இந்த வகைப் படகின் அடிக்கட்டைக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழம் வேண்டும். மட்டக்களப்பு முகத்துவாரம் மணல் திட்டு, உள்ளே வர நினைக்கவே கூடாது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது, ஆனால் அதன் வாயில் மணல் மூடி மீன்பிடிப் படகுகளே மாட்டிக்கொண்டதை நீங்கள் அறிவீர்கள். பாசிக்குடா வெயில் காலத்தில் குளம் போலக் கிடக்கும், வாடையில் அங்கே நங்கூரம் போட முடியாது. அதனால் திருகோணமலையை விட்டதும் கரையிலிருந்து 25 கடல் மைலாவது வெளியே போய், அங்கிருந்து தெற்கே இறங்குவதுதான் முறை. கப்டன் கரையோரமாகப் போய் ஊர் பார்க்கலாம் என்று சொன்னால், அவருக்கு இந்தக் கரை தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

புறப்படும் தேதியும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜனவரி நடுப்பகுதியில் நம் பக்கம் மழையும் பெருங்கடலும் அடங்கியிருக்காது. வங்காள விரிகுடாவில் புயலுக்குப் பேர்போன மாதங்கள் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பை என்ன செய்தது என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஜனவரியிலும் தாழமுக்கம் வரத்தான் செய்கிறது. 2023இல் பெப்ரவரி தொடக்கத்தில்கூட ஒன்று கிழக்குக் கரையைத் தொட்டது. பெப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வானம் தெளியும், காற்று வடகிழக்கில் நிலையாக இருக்கும், அலையும் தணியும். அப்போது விட்டால் மாத முடிவில் மாலைதீவு, ஏப்ரல் தொடக்கத்தில் சீஷெல்ஸ். மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழுவதற்குள் பயணம் முடிந்துவிடும். மூன்று நான்கு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அவசரம் என்றால் என்ன அவசரம் என்று கேளுங்கள். விசா முடிகிறது, விமான டிக்கட் போட்டாயிற்று என்ற காரணங்களுக்காகக் கடலில் இறங்குகிறவர்களோடு போகக் கூடாது.

காலிக்குப் போகும் வழியில் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கிரிந்தைக்கு அப்பால் கிரேட் பாசஸ், லிட்டில் பாசஸ் என்ற கற்பார்கள் உண்டு. 1873இலும் 1878இலும் ஏற்றிய வெளிச்சவீடுகள் அங்கே நிற்கின்றன, அவற்றுக்கு வெளியேதான் போக வேண்டும். பிறகு தேவேந்திரமுனை. கிழக்கேயும் மேற்கேயும் போகிற பெருங்கப்பல்கள் எல்லாம் அதன் தெற்கே தனித்தனிப் பாதையில் ஓடுகின்றன. 20 நொட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல், கண்ணுக்குத் தெரிந்து அரை மணிக்குள் உங்கள் மேல் வந்துவிடும். அந்த இரவில் எல்லோரும் தூங்கக்கூடாது.

இங்கேதான் உங்கள் அனுபவம் பொன்னாகிறது. நம்முடைய படகுகள் இரவில் விரித்துவிடும் வலை கிலோமீட்டர் கணக்கில் நீளும், முனையில் ஒரு சின்ன மினுக்கு விளக்கு மட்டும் இருக்கும். வெளிநாட்டுக் கப்டனுக்கு அது எந்தப் படகின் வலை, எந்தப் பக்கம் நீளுகிறது என்று தெரியாது. வலை புரொப்பெல்லரில் சுற்றினால் இரவில் கடலில் குதித்து அறுக்க வேண்டும், வலைக்காரருக்கும் நட்டம். நீங்கள் படகின் வீ.எச்.எப். ரேடியோவில் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்தத் தம்பதிக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான், தயங்காமல் சொல்லிப் பேசுங்கள்.

அப்புறம், உங்களுக்குப் புதிதாக இருக்கப்போகும் விஷயம். பலநாள் படகில் எஞ்சின் எப்போதும் ஓடும். பாய்ப் படகில் காற்றுத்தான் எஞ்சின். வாடையில் தெற்கேயும் மேற்கேயும் போகும்போது காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வரும். ஓட்டம் சுகமாக இருக்கும், ஆபத்தும் அதில்தான். பாயின் அடியில் படுத்திருக்கும் நீள உருளையை பூம் என்பார்கள். சுக்கான் கொஞ்சம் தவறினால், அல்லது ஓர் அலை பின்பக்கத்தைத் தள்ளினால், காற்று பாயின் மறுபக்கம் புகுந்து பூமை ஒரே வீச்சில் அடுத்த பக்கம் எறியும். வழியில் தலை இருந்தால் உயிர் போய்விடும். பூம் வீசாதபடி முன்பக்கத்துக்கு இழுத்துக் கட்டும் ஒரு கயிறு இருக்க வேண்டும். முதல் நாளே அதைக் காட்டச் சொல்லுங்கள். கட்டியிருந்தாலும் பூம் வீசும் பாதையில் தலையை நிமிர்த்தி நிற்க வேண்டாம்.

இன்னொன்று பழக்கம் சார்ந்தது. இரவில் சிறுநீர் கழிக்கப் படகின் விளிம்பில் போய் நிற்பது நம்மவர்களுக்குச் சாதாரணம். பாய்ப் படகில் அதை அடியோடு விடுங்கள். பின்காற்றில் எல்லாப் பாயும் விரித்து ஓடும் படகை நிறுத்தித் திருப்புவதற்குள் நீங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்னால் இருப்பீர்கள். இருட்டில் ஒரு தலையைக் கடலில் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடலில் பாதுகாப்பு வாரும், வாரிலிருந்து படகின் நீளத்துக்கு ஓடும் கயிற்றில் கொக்கியும் மாட்டாமல் இரவில் மேலே வரக் கூடாது. உங்களுக்கென்று தனி வார் இல்லாவிட்டால் அந்தப் படகில் உங்களுக்கு இடமில்லை என்றுதான் அர்த்தம்.

ஏறுவதற்கு முன் உயிர்காப்புத் தெப்பத்தைப் பாருங்கள். அதில் கடைசியாகச் சரிபார்த்த தேதி ஒட்டியிருக்கும், எத்தனை பேருக்கு என்றும் எழுதியிருக்கும். இரண்டு பேருக்கென்று வாங்கியதில் மூன்றாவது ஆளாகப் போக வேண்டாம். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் எப்போது மாற்றியவை என்று கேளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் என்றால் கம்பி முடிச்சுகளில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், ஓர் இழை அறுந்து குத்தினாலும் மாற்றாமல் போகக் கூடாது. காப்புறுதிப் பத்திரத்தில் மூன்றாவது ஆளுக்கு இடமுண்டா என்பதையும் பாருங்கள்.

பத்திரங்கள் விஷயத்தில் கடுமையாக இருங்கள். 2012இல் நம் கரையிலிருந்து புகலிடம் தேடி எத்தனை வள்ளம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது என்பதைக் கடற்படை மறக்கவில்லை. வெளிநாட்டுப் படகில் கிழக்கு மாகாண இளைஞர் ஒருவர் இருந்தால் கேள்வி வரும். காலி வரைக்கும் போவதென்றாலும், கப்பல் முகவர் உங்கள் பெயரைப் பணியாளர் பட்டியலில் சேர்த்து, அதன் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். காலியிலிருந்து வெளிநாடு என்றால் குடிவரவு முத்திரை இல்லாமல் நகர வேண்டாம். மாலைதீவில் எந்த நாட்டவருக்கும் வந்திறங்கும்போது 30 நாள் விசா கிடைக்கிறது. சீஷெல்சுக்கு விசா வேண்டியதில்லை, ஆனால் திரும்பிப் போகும் டிக்கட்டைக் கேட்பார்கள். அந்த டிக்கட்டை யார் வாங்குவது? இதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், சண்டை பிடித்துக்கொண்டு இறங்கினாலும், கொழும்புக்கு டிக்கட் அவர்கள் செலவு என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சம்பளமில்லாமல் வேலை செய்கிறவருக்கு அது குறைந்தபட்ச நியாயம்.

காலியிலிருந்து மாலைதீவு வரைக்கும் சுமார் 420 கடல் மைல், நான்கு நாள், சுகமான ஓட்டம். அங்கே தெற்கில் இருக்கும் அட்டு தீவிலிருந்து சீஷெல்ஸ் 1,100 மைல். பூமத்திய ரேகையை அட்டுவுக்கு முன்பே தாண்டிவிடுவீர்கள், ஆனால் அதை ஒட்டிக் காற்று செத்துக் கிடக்கும் பகுதி இடையில் உண்டு. பத்து நாள், இழுத்தால் இரண்டு வாரம். டீசல் அவ்வளவு தூரத்துக்குப் போதாது, காத்திருக்கத்தான் வேண்டும். உப்புநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருக்கிறது என்பார்கள், அதை நம்பிப் போகக் கூடாது. மூன்று பேருக்குக் குடிக்க மட்டும் பத்து நாளைக்கு 90 லீட்டர், அதற்கு மேல் பாதி கூட்டி, தனிக் கலன்களில் வைத்திருக்க வேண்டும். பயணத் திட்டம் மாறி செங்கடல் பக்கம் போகலாம் என்று பேச்சு வந்தால் மாலைதீவிலேயே இறங்கிவிடுங்கள். 2023 இறுதியில் அங்கே கப்பல்கள் மேல் தாக்குதல் தொடங்கிய பிறகு அது நமக்கான பாதையில்லை.

அப்பாவிடம் வல்வெட்டித்துறைக் கதையைச் சொல்லுங்கள். அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அதை 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அந்த ஊர்க் கடலோடிகள். வெளிநாட்டவர் படகில் நம்மவர் தூரக்கடல் ஓடுவது புதிதில்லை. ஆனால் கதையை மட்டும் வைத்து அவரைச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவரைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போய்ப் படகைக் காட்டுங்கள். கயிறும் முடிச்சும் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரும் பார்த்து அவர் சொல்வது என்னுடைய யோசனையைவிடப் பெறுமதியாக இருக்கலாம்.

அப்படியே இன்னொரு வேலையும் செய்யுங்கள். படகில் ஈபர்ப் என்ற அவசரக் கருவி இருக்க வேண்டும். படகு தாண்டால் அது 406 மெகாஹேர்ட்சில் செய்மதிக்குச் சைகை அனுப்பும், மீட்பு நிலையம் உடனே அந்தக் கருவியின் பதிவில் இருக்கும் அவசரத் தொலைபேசி எண்களைக் கூப்பிடும். பெரும்பாலும் அங்கே உரிமையாளரின் உறவினர் எண் மட்டும் இருக்கும். உங்கள் வீட்டு எண்ணையும் அதில் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததற்கான அத்தாட்சியை அப்பாவின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிய பிறகு படகில் ஏறுங்கள்.