மரத்தவளைக்கு மருந்து வாங்கும் முன்

கேள்வி: செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய மரத்தவளை, வந்த சில நாட்களிலேயே கண்ணாடித் தொட்டியில் முட்டி மோதி மூக்கு நுனியைப் புண்ணாக்கிக்கொண்டது. இப்போது இரை எடுப்பதில்லை. தொடையின் உட்புறமும் சிவந்திருக்கிறது. மீன்களுக்கான சொட்டு மருந்தையும், மனிதர்கள் பூசும் ஒரு களிம்பையும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். குணமாகாவிட்டால் வேறு தவளை தருவாராம். நான் எதை வாங்குவது? மாற்றிக்கொள்வது சரியா?

பதில்: அந்த இரண்டு மருந்துகளையும் வாங்க வேண்டாம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை; அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அதன் மேல் பூசும் எதுவும் உள்ளுக்குக் கொடுத்த மருந்தாகிவிடுகிறது. வலி தெரியாமலிருக்கச் சில களிம்புகளில் பென்சோகெய்ன் போன்ற மரப்பு மருந்தைச் சேர்க்கிறார்கள். தவளைகளை மயக்கமடையச் செய்வதற்கே பயன்படும் அந்தப் பொருள், அளவு மீறினால் உயிரைப் பறித்துவிடும். சொட்டு மருந்தின் அளவோ மீன் தொட்டியின் நீரைக் கணக்கிட்டு வகுக்கப்பட்டது. உங்கள் தவளையின் எடைக்கு எவ்வளவு என்பதற்கு அந்தப் புட்டியில் விடை இராது.

மூக்குப் புண் மட்டும் என்றால் இவ்வளவு அவசரம் காட்ட மாட்டேன். தொடை சிவந்து, இரையையும் மறுப்பதுதான் கவலைக்குரியது. பாக்டீரியா இரத்தத்தில் கலந்து உண்டாக்கும் ‘சிவப்புக் கால்’ நோயிலும் இப்படிச் சிவக்கும். கைட்ரிட் பூஞ்சை தோலைத் தாக்கினாலும் சிவக்கலாம். முன்னதற்கு ஆன்டிபயாடிக், பின்னதற்குப் பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்த குளியல் என்று சிகிச்சைகள் வேறுபடுவதாலும், வெறும் கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதாலும், களிம்புக்குச் செலவிட இருந்த பணத்தை நீர்நில வாழ்விகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கு இன்றே செலவிடுங்கள்.

அதுவரை தேவைப்படுபவை மலிவானவை: காற்றுத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மணமோ அச்சோ இல்லாத காகிதத் துண்டு, குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரினையும் குளோரமினையும் நீக்கும் திரவம், கிராம் காட்டும் ஒரு சிறு தராசு. காகிதத்தை அத்திரவத்தால் பதப்படுத்திய குழாய் நீரில் நனைத்து விரித்து, நாள்தோறும் மாற்றுங்கள். காய்ச்சி வடித்த நீர் சுத்தமானது என்றெண்ணி அதை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதில் உப்புகள் இல்லை. பெட்டியில் கூழாங்கல் கூடாது, ஒளிந்துகொள்ள ஒரு மறைவு இருக்கட்டும். தூக்க நேர்ந்தால் பவுடர் இல்லாத கையுறையை நனைத்துக்கொண்டு தூக்குங்கள். வாயைத் திறந்து இரையைத் திணிக்க வேண்டாம். அன்றாட எடையைக் குறித்து வைத்தால் மருத்துவருக்கு அது மிகவும் உதவும். பழைய தொட்டியின் மூன்று பக்கங்களிலும் கீழ்ப்பாதிக்குக் காகிதம் ஒட்டினால், எதிரே தடையிருப்பது தெரிந்து முட்டுவது குறையும். நாற்புறமும் பளிச்சென்ற தொட்டி விற்பவருக்கு அழகு, தவளைக்கு அல்ல.

இனி மாற்றுத் தவளை பற்றி. ஏற்காதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதே கடையின் தொட்டியிலிருந்து வரும் தவளை அதே தொற்றைச் சுமந்திருக்கலாம். உங்கள் தொட்டியின் ஈரப்பரப்புகளிலிருந்தும் அதற்குத் தொற்றலாம். பாசியையும் மரக்கிளையையும் அப்புறப்படுத்தி, தொட்டியைக் கிருமிநாசினியால் கழுவி, பலமுறை அலசி உலர்த்தாமல் எந்தத் தவளையையும் அதில் விடக் கூடாது.

கடைக்காரரிடம் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், ரசீதின் நகலையும் நாள் தெரியும் புகைப்படங்களையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். விற்கும்போது உடல்நலத்துக்கு உத்தரவாதம் தந்திருந்தால் அதன் நிபந்தனைகளையும், குறிப்பாகக் கெடு நாளையும், உடனே படித்துவிடுங்கள். வாங்கும்போதே நோய் இருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் எழுதித் தரும் அறிக்கையே உங்களுக்கு வலுவான சான்று. ஒருவேளை தவளை இறந்துவிட்டால், உடலை உறைய வைக்காதீர்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்து பரிசோதனை கடினமாகிவிடும். ஒரு பையில் இட்டு மூடி, உணவுப்பொருள் படாத குளிர்ச்சியில் வைத்து, விரைவில் மருத்துவரிடம் ஒப்படையுங்கள்.