பாறையும் ஓடும் நீரும்: சுமி (ஜப்பானியக் கறுப்பு மை) ஓவியக் கேள்வி-பதில்

கேள்வி: நான் வரையும் பாறைகள் எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கின்றன. என்ன செய்வது?

வெளிக்கோட்டை ஒரே தடிமனில் வளைத்து முடிக்கிறீர்கள். பாறை திரும்புகிற மூலையில் பிரஷை அழுத்தி, நிறுத்தித் திருப்புங்கள். பிறகு ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, பிரஷைச் சாய்த்து மேலிருந்து கீழே வெடுக்கென்று இழுங்கள். கோடாலி வெட்டு ஷுன் இதுதான் (ஷுன் என்றால் பாறையின் சொரசொரப்பைக் காட்டும் பிரஷ் கோடு). ஜப்பானிய மை ஓவியர் செஷ்ஷூ 1486-இல் வரைந்த, சுமார் 16 மீட்டர் நீள ஓவியச் சுருளில் பாறைகளை மட்டும் ஒரு வாரம் பாருங்கள்.

கேள்வி: அருவிக்கு வெள்ளை போஸ்டர் கலர் பூசினேன். பளிச்சென்று வரவில்லையே?

பூசியதால்தான் வரவில்லை! மாதம் தவறாமல் யாராவது இதைக் கேட்கிறார்கள். 'தப்பானால் வெள்ளை வை' என்று வகுப்புகளிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அருவியின் வெளிச்சம் இருபுறப் பாறையின் கருமையிலிருந்து வருவது. பாறையை அடர்த்தியாக முடித்து நடுவில் தாளை அப்படியே விடுங்கள், நீர் தானாக விழும். மேல் விளிம்பிலிருந்து நாலைந்து வெளிர் கோடுகள் போதும், அவையும் பாதி வழியில் மறைந்துவிட வேண்டும். அடிவாரத்தில் கோடே வேண்டாம். தாளை ஈரமாக்கி, ஓரத்தில் மட்டும் வெளிர் மை. செஷ்ஷூவின் 1495 ஹபொகு (மையைத் தெறித்தாற்போல் வரையும் முறை) ஓவியத்தில் கீழே ஒரு சின்னப் படகு இருக்கிறது. சுற்றிலும் வெறும் தாள். அது நீர் என்பதில் யாருக்காவது சந்தேகம் வருகிறதா? எங்கே வெள்ளை என்று முடிவு செய்யாமல் மையைத் தொடாதீர்கள்.

கேள்வி: மை கண்டபடி ஊறிப் பரவுகிறது. ஏன்?

என்ன தாள் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? டோஸா பூசாத தாள் என்றால் பரவத்தான் செய்யும். டோஸா என்பது படிகாரமும் நிகாவா என்ற விலங்குப் பசையும் கலந்த நீர். அது பூசிய தாளாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஓடும் நீரின் கோடுகளுக்கு யாரைப் பார்க்கலாம்?

ஜப்பானிய ஓவியர் மருயாமா ஓக்யோவை. இறந்த ஆண்டான 1795-இல் அவர் வரைந்த ஹோஸு ஆறு, எட்டெட்டு மடிப்புள்ள ஒரு ஜோடித் திரை. பாறையை நெருங்கும்போது கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி, தாண்டியதும் விரிவதைக் கவனியுங்கள். பாறையை முடிக்காமல் நீர்க்கோடு போட்டால் எங்கே வளைப்பது என்றே தெரியாது.

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பெரிய அலை' படமும் சுமி ஓவியமா?

இல்லை, மரச்செதுக்கு அச்சு. 1831 வாக்கில் வந்தது. அதிலும் நுரையின் வெள்ளை, அச்சேறாத தாள்தான். மறுபடியும் சொல்கிறேன்: வெள்ளை கலரைத் தொடாதீர்கள்.

கேள்வி: நேற்று கல்லில் தேய்த்த மையை இன்று பயன்படுத்தலாமா?

பழகும்போது வேண்டாம், மையிலுள்ள பசை கெட்டிருக்கும். கல்லை அன்றன்றே கழுவுங்கள். மைக்குச்சியை ஈரக்கல்லின் மேல் விட்டுப் போகாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.