நெல் துங்ரோ நோய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சம்பா நெல் திட்டுத்திட்டாக மஞ்சளாகிக் குட்டையாக நிற்கிறது. யூரியா போட்டும் தேறவில்லை. இது துங்ரோவா?

பதில்: தழைச்சத்துக் குறைவாக இருந்தால் யூரியா இட்ட சில நாள்களிலேயே பச்சை திரும்பியிருக்கும். துங்ரோ என்பது பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய். அதில் இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் கீழே இறங்கும், தூர்களும் குறையும். விடிவதற்கு முன் இலை நுனியை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, வெட்டுப்பக்கத்தை அயோடின் கரைசலில் 15 நிமிடம் வைத்துக் கழுவிப் பாருங்கள். நோயுற்ற இலையில் மாவுச்சத்து வெளியேறாமல் தங்கிவிடுவதால் கருநீலக் கோடுகள் தெரியும்.

கேள்வி: வரப்புப் புல்லிலிருந்துதான் நோய் வருகிறது என்கிறார்களே?

பதில்: காட்டு நெல்லிலும் குதிரைவாலி இனப் புற்கள் சிலவற்றிலும் இந்த வைரஸ்கள் தங்க முடியும் என்பது உண்மை. ஆனால் பழி முழுவதையும் புல்லின் மேல் போடுவதை நான் ஏற்பதில்லை. நோயைப் பரப்புவதில் முதன்மையான பச்சைத் தத்துப்பூச்சி இனம் பெரும்பாலும் நெல்லை நம்பியே வாழ்கிறது. புல்லை அதிகம் நாடும் அதன் உறவினத்துக்கோ பரப்பும் திறன் குறைவு. ஆகவே, அறுவடைக்குப் பின் உழாமல் விட்ட தாளில் துளிர்க்கும் மறுதாம்பே பெரிய ஆபத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். துங்ரோவில் இரண்டு வைரஸ்கள் உண்டு. மஞ்சளையும் குட்டைத்தன்மையையும் பெரிதும் உண்டாக்குவது கோல் வடிவ வைரஸ். கோள வடிவ வைரஸின் துணையின்றி அதைத் தத்துப்பூச்சியால் கடத்த முடியாது. கோள வடிவ வைரஸ் மட்டும் தொற்றிய பயிர் ஏறக்குறைய நலமாகவே தோன்றும் என்பதால், பச்சையாக நிற்கும் மறுதாம்பையும் நம்பி விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: விதை வழியாகப் பரவுமா?

பதில்: பரவாது.

கேள்வி: வைரஸைப் பெற்ற பூச்சி ஆயுள் முழுதும் அதைப் பரப்புமா?

பதில்: இல்லை. சில நாள்களில் அந்தத் திறன் போய்விடும். குஞ்சுகள் தோலுரிக்கும்போதும் இழந்துவிடும். முட்டை வழியாகவும் செல்லாது. ஒவ்வொரு முறையும் நோயுற்ற செடியைத் தேடித்தான் பூச்சி வைரஸைப் பெற்றாக வேண்டும்.

கேள்வி: பக்கத்து வயலில் துங்ரோ இருக்கிறது. நாற்று விடலாமா?

பதில்: அந்த வயலை ஒட்டி நாற்றங்கால் போடாதீர்கள். இளம்பயிரில் தொற்றினால்தான் இழப்பு மிகுதி. தொற்றிய பின் எந்த மருந்தும் செடியைக் குணப்படுத்தாது. அக்கம்பக்கத்தாருடன் பேசி, மறுதாம்பை உழுது மடக்கிய பிறகு எல்லோரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடவு செய்யுங்கள்.