காசு கொடுக்க முன்: சின்னப் பிஸ்டலின் விசை எப்படி இருக்க வேண்டும்?

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது பிரிஜ், மோட்டார் சைக்கிள், லீசிங் பற்றிய கேள்விகள்தான். இம்முறை எடுத்துக்கொண்ட நான்கும் துவக்கு பற்றியவை. மூன்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்காகக் கேட்டவை. ஒன்று எங்கள் வயல்கரையிலிருந்து வந்தது.

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு வாசகி): என் தங்கையின் மகள் அமெரிக்காவில், ஹியூஸ்டனில் தாதியாக வேலை செய்கிறாள். கிரீன் கார்ட் இருக்கிறது. இரவு வேலை முடிந்து தனியாகத்தான் கார் ஓட்டி வருவாள். பாதுகாப்புக்கு உடுப்புக்குள் மறைத்து வைக்கக்கூடிய சின்னப் பிஸ்டல் ஒன்று வாங்கப் போகிறாளாம். கடைக்காரர் மூன்று நான்கை எடுத்துக் கொடுத்து விசையை அழுத்திப் பார்க்கச் சொன்னாராம். ஒன்று கரகரவென்று இருந்ததாம், இன்னொன்று சரியான இறுக்கமாம். 150 டொலர் கூடத் தந்தால் விசையை மாற்றி இலேசாக்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். பொலிஸில் இருந்து ஓய்வுபெற்ற என் அண்ணன் “இலேசாக இருந்தால்தான் குறி தப்பாது” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைக்கு என்ன சொல்வது?

பதில்: அந்த 150 டொலரைக் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. மறுபாதியில்தான் ஆபத்து இருக்கிறது. இலேசான விசை வேறு, வழுவழுப்பான விசை வேறு. கடையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்கள். விரல் எவ்வளவு பலம் போட வேண்டும் என்பது ஒரு கணக்கு. அந்தப் பலம் தடங்கல் இல்லாமல், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராகப் போகிறதா என்பது இன்னொரு கணக்கு. சின்னப் பிஸ்டலில் பிள்ளை தேட வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

மேலே அழுத்தித் திறக்கும் போல்பொயின்ட் பேனா ஒன்றை எடுத்து, மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் தளர்வாக இறங்கும். பிறகு ஓரிடத்தில் தடுக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ‘டிக்’ என்று விடுபடும். கையை எடுத்தால் திரும்பி வரும். பிஸ்டலின் விசையும் இப்படித்தான். தளர்வாக வரும் பகுதியை டேக்-அப் என்பார்கள், தடுக்கும் இடத்தை வோல், விடுபடும் கணத்தை பிரேக், அடுத்த சூட்டுக்குத் தயாராக விசை திரும்பி நிற்கும் இடத்தை ரீசெட். நல்ல விசையில் அந்தத் தடுப்பு ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வரும், அதே பலத்தில் விடுபடும். கூடாத விசையில் நடுவழியில் ஒரு சொரசொரப்பு, ஒரு சின்னத் துள்ளல், “இப்போது வெடிக்குமா, இன்னும் இருக்கிறதா” என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்தில்தான் விரல் திடீரென்று வெட்டி இழுக்கும், குழல் ஆடும்.

பெரிய பிஸ்டலில் இது அவ்வளவு தெரியாது, சின்னதில் தெரியும். காரணம் எடைதான். குளொக் 43, சிக் சவர் பி365 போன்றவை ரவை இல்லாமல் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். குளொக்கின் வழக்கமான விசைக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பலம் வேண்டும். அதாவது கையில் இருக்கும் பொருளைவிட ஐந்து மடங்கு பலத்தை ஒற்றை விரல் போடுகிறது. ஸ்மித் அன்ட் வெஸனின் சின்ன ரிவோல்வர்களில், சுத்தியல் மறைந்திருக்கும் 642 போன்றவற்றில், ஐந்து கிலோவுக்கும் மேல் போகும். பிடியும் குட்டை, சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. விரல் நுனி நேராகப் பின்னுக்கு இழுக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால் போதும், வலக்கைக்காரரின் சூடு இடப்பக்கம் கீழே போய்விடும்.

கரகரப்பு ஏன் வருகிறது? விசையை இழுக்கும்போது உள்ளே ஒரு நீளத் தகடு உராய்ந்து நகர்கிறது. அது போகிற போக்கில், ரவையைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியைத் தடுத்து வைத்திருக்கும் சின்னப் பாதுகாப்பு முளையையும் மேலே தூக்க வேண்டும். அந்த முளையின் விளிம்பு கூராக இருந்தால், அல்லது தகட்டில் பிசிறு இருந்தால், விரலுக்குத் தெரியும். புதுப் பிஸ்டலில் இது சாதாரணம். தொழிற்சாலையில் பூசிய கிறீஸைத் துடைத்து, கைநூலில் சொன்ன இடங்களில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருநூறு முந்நூறு ரவை சுட்ட பிறகு பெரும்பாலும் தானாகவே சீராகிவிடும். அதற்குத்தான் 150 டொலர் கேட்கிறார்கள். காசை ரவைக்கும் பயிற்சிக்கும் செலவழித்தால் கையும் பழகும், விசையும் பழகும்.

இனி முக்கியமான விஷயம். பிள்ளையின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். டெக்சாஸில் 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயது கடந்த, சட்டத் தடை இல்லாதவர் தனி லைசன்ஸ் இல்லாமலே பிஸ்டல் வைத்துத் திரியலாம் என்பது உண்மை. ஆனால் அதே மாநிலச் சட்டப்படி, நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வைத்தியசாலைக்குள் கொண்டுபோவது குற்றம். தாதி ஒருத்தி என்ன செய்வாள்? வேலைக்குப் போகும்போது இடுப்பிலிருந்து எடுத்துக் காரில் பூட்ட வேண்டும், விடியப்புறம் களைத்த கையோடு திரும்பவும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வேலை நாளும் இரண்டு தடவை, அதுவும் இருட்டில். பிஸ்டல் இப்படி உறையில் போடும்போதும் எடுக்கும்போதும் தவறுதலாக வெடிப்பதுண்டு. சட்டையின் நுனி, கயிறு, சொந்த விரல் ஏதோ ஒன்று விசையில் மாட்டுகிறது. இலேசாக்கிய விசை அந்த நேரத்தில் மன்னிக்காது. கொஞ்சம் நீளமான, சீரான, கனமான விசை ஒரு நொடி அவகாசம் தரும்.

ஆகவே உறையை முதலில் வாங்கச் சொல்லுங்கள். விசையை முழுவதும் மூடும் கடினமான உறை, அந்த மொடலுக்கென்றே வார்த்தது. பிஸ்டலை உறையிலிருந்து பிரிக்காமல், உறையோடு சேர்த்தே கழற்றிக் காரில் பூட்டுகிற பழக்கம் வந்தால் இந்தப் பிரச்சினையே பாதிக்கு மேல் போய்விடும். காரில் ஆசனத்தோடு கேபிளால் கட்டிய சின்ன இரும்புப் பெட்டி கட்டாயம். அமெரிக்காவில் களவு போகும் துவக்குகளில் பெரிய பங்கு கார்களிலிருந்து போவதுதான்.

அண்ணன் சொன்ன பாதி நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மிஞ்சிய கனமும் கூடாது. நியூயோர்க் நகரப் பொலிஸார் தவறுதலாகச் சுடக்கூடாது என்று குளொக்கில் 12 இறாத்தல் விசை போட்டிருந்தார்கள். 2012 ஓகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் இரண்டு பொலிஸார் ஒரு கொலைகாரனைச் சுட்டபோது வழியில் நின்ற ஒன்பது பேர் காயப்பட்டார்கள். அந்தக் கன விசையும் அப்போது பேச்சுக்கு வந்தது. இரண்டரை மூன்று கிலோவுக்குள் ஒரே சீராக வரும் விசை பிள்ளைக்குப் போதும்.

எதை வாங்குவது? பெயர் ஒன்றை இங்கிருந்து எழுதித் தர மாட்டேன், அவளுடைய விரல்தான் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டிய வகைகளைச் சொல்கிறேன். ரூகர் எல்சிபி கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சட்டைப் பைக்குள் போகும், ஆனால் பழைய மொடலின் விசை நீளம், உதையும் கை வலிக்கும் அளவுக்கு இருக்கும். 2016இல் வந்த எல்சிபி 2 அந்த விசையைக் குறுக்கியது. குளொக் 43, பி365, ஸ்மித் அன்ட் வெஸனின் ஷீல்ட் பிளஸ் ஆகியவை நடுத்தரம். விரலில் பலம் குறைந்தவர்களுக்காக 2018இல் வந்த ஷீல்ட் ஈஸி, மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்க இலகுவானது, பிடியை இறுக்கிப் பிடிக்காவிட்டால் வெடிக்காத பாதுகாப்பும் உண்டு. அவள் இடத்தில் நான் நின்றால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஆனால் அந்த வரிசையில் 2020இல் செய்த சிலவற்றைச் சுத்தியல் பழுதுக்காகக் கம்பனி திருப்பி அழைத்தது. ரூகர் எல்சிபியையும் 2008இல், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று திருப்பி அழைத்தார்கள். பழையது வாங்குவதானால் தொடர் இலக்கத்தைக் கம்பனியின் தளத்தில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

கடையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே சூட்டுப் பயிற்சிக் கூடங்களில் பிஸ்டலை வாடகைக்குத் தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது ரவை சுடட்டும். முதல் ஐந்தில் எல்லாமே நன்றாக இருக்கும், நாற்பதாவதில்தான் விரல் உண்மையைச் சொல்லும். வீட்டில், ரவை எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்து, குழலை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான சுவர்ப் பக்கம் நீட்டி, பிஸ்டலின் மேல் முன்பக்கம் ஒரு சில்லறைக் காசை வைத்து விசையை அழுத்தலாம். காசு விழாமல் விசை விடுபட்டால் கை சரி. இப்படி வெறுமையாக அழுத்த அந்த மொடலில் அனுமதி உண்டா என்று கைநூலில் பார்க்க வேண்டும். .22 வகைகளில் ஊசி கெட்டுப்போகலாம்.

விசையை மாற்றுவதை ஏன் இவ்வளவு அழுத்தி மறுக்கிறேன் என்றால், உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று கணக்காகச் செய்தது. சிக் சவர் பி320இல் 2017இல் நடந்ததைப் பாருங்கள். குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால், விசைத் துண்டின் சொந்த எடையே அதைப் பின்னுக்கு இழுத்துவிடலாம் என்று தெரிந்து, கம்பனி எடை குறைந்த விசையைப் போட்டுக் கொடுத்தது. செய்தவர்களுக்கே அப்படி என்றால், கடையின் பின்னறையில் ஸ்பிரிங்கை மாற்றுபவர் எதைச் சோதித்துப் பார்ப்பார்? உத்தரவாதமும் போய்விடும்.

ஒரு கடைசி விஷயம், இது எங்கள் பக்கத்துக்கு உரியது. ஊருக்கு வரும்போது அவள் கைப்பையை வீட்டிலேயே தலைகீழாகக் கொட்டிப் பார்க்கட்டும். மறந்துபோன ஒரு ரவை போதும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழக்கில் மாட்ட.

கேள்வி (அக்கரைப்பற்று): என் மருமகன் எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருக்கிறார். கூட வேலை செய்பவர் தன் பெயரில் ஒரு பிஸ்டல் வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. எச்-1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர் துவக்கோ ரவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியான வேட்டை லைசன்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அதைக் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் நம்ப வேண்டும். மற்றவருக்காக வாங்குகிறவர், துவக்கு வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் “எனக்காகத்தான்” என்று பொய் எழுத வேண்டிவரும், அது அவருக்கும் பெருங்குற்றம். மருமகனின் விசா, வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போகும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): தம்பி டொரொன்டோவில் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் இப்படி ஒன்று வாங்கலாமா?

பதில்: கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துவக்கு வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரர் இடுப்பில் வைத்துத் திரிய வழி இல்லை. கமரா, நல்ல கதவு, அலாரம் ஆகியவற்றுக்குக் காசைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி): பயிர்ப் பாதுகாப்புக்கு லைசன்ஸோடு இரட்டைக்குழல் துவக்கு வைத்திருக்கிறேன், அப்பாவின் காலத்தது. பின்விசை இப்போது தொட்டாலே விடுபடுகிறது. ஊர்க் கொல்லர் அரம் போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார். காட்டுப்பன்றிக்காக இரவில் காவலுக்குப் போகிறவன் நான்.

பதில்: அண்ணன், அந்தத் துவக்கை இன்று இரவு வெளியே எடுக்க வேண்டாம். மேலே நான் எழுதியது புதுப் பிஸ்டலின் கரகரப்புப் பற்றி. உங்களுடையது அதற்கு எதிர்ப்பக்கம். சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொளுவி பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அதனால்தான் விசை ‘இலேசாக’ இருக்கிறது. பழைய இரட்டைக்குழல்களில் முன்விசை ஒரு குழலுக்கு, பின்விசை மற்றதற்கு. முன்விசையால் சுடும் அதிர்ச்சியிலேயே மற்றக் குழலும் சேர்ந்து வெடிக்கலாம். துவக்கை மடித்து மூடும்போது, வரம்பில் கால் இடறும்போது, கட்டிலில் சாய்த்து வைக்கும்போதுகூட நடக்கலாம். பரணில் பக்கத்தில் படுத்திருப்பது உங்கள் மகனாக இருக்கலாம்.

அரம் போட்டால் இன்னும் கெடும். பழைய துவக்குகளில் பெரும்பாலும் அந்தக் கொளுவியின் மேற்பரப்பு மட்டும்தான் கடினமாக்கிய இரும்பு, அதைச் சீவிவிட்டால் உள்ளே மெது. ஒரு மாதம் இறுக்கமாக இருப்பது போல் தெரியும், பிறகு முன்னையதைவிட மோசமாகும். திருத்துவதும் லைசன்ஸ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை, கொல்லர் தொட்டால் உங்களுக்கும் அவருக்கும் வழக்கு. உங்கள் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் அறிவித்துவிட்டு, கச்சேரியில் துவக்கு லைசன்ஸ் பார்க்கும் பிரிவில், அனுமதி பெற்ற திருத்துநர் யார் என்று கேளுங்கள். லைசன்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். கொண்டுபோகும்போது இரண்டு குழலும் வெறுமையாக, துவக்கு மடித்துத் திறந்தபடி, தோட்டாக்கள் வீட்டில்.

அதுவரை பன்றிக்கு என்ன செய்வது என்பீர்கள். பக்கத்து வயல்காரரோடு முறை வைத்துக் காவல் இருங்கள், விளக்கும் தகரச் சத்தமும் போதாது என்றாலும் ஒரு கிழமை தாங்கும். வழியில் கட்டி வைத்து, தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அது சட்டவிரோதம். விறகுக்கும் மாட்டுக்கும் அந்த வழியால் போகிற ஆட்களின் காலைத்தான் அது முதலில் எடுக்கும்.