கேசட் ஏசி மாட்டப் போறீங்களா? தண்ணி பைப்போட வாட்டத்த பாருங்க!

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல ஜவுளிக்கடை வச்சிருக்கேன் சார். மார்ச்ல ரெண்டு டன் கேசட் ஏசி ஒண்ணு ஃபால்ஸ் சீலிங்ல மாட்டினோம். மூணு மாசம்கூட ஆகல, ஏசிக்கு ஆறடி தள்ளி சீலிங் ஷீட் மஞ்சளா ஊறிப்போய் கீழ புடவை அடுக்கு மேல சொட்டுது. மாட்டினவர் பம்ப மாத்தணும்ங்கறார். மாத்தலாமா?

பதில்: புடவைங்க நனையுதுன்னு படிச்சதும் கஷ்டமா போச்சு மேடம். முதல்ல அடுக்க அந்த இடத்துலேர்ந்து நகத்திடுங்க, ஏசில சேர்ற தண்ணிய வெளிய தள்ற அந்த பம்ப இப்பவே மாத்தாதீங்க. ஏன்னா பம்பு கெட்டிருந்தா தண்ணி சேர்ற ட்ரே ரொம்பி பேனல் ஓரமாதான் தண்ணி இறங்கும், இல்லன்னா உள்ள இருக்கற ஃப்ளோட், அதாவது மிதவை, தூக்கி மிஷினே எரர் காட்டி நின்னுடும். ஆறடி தள்ளி சொட்டுதுன்னா கோளாறு அனேகமா பைப்புலதான். தண்ணி வெளிய போற ட்ரெயின் பைப் ஜாயிண்ட் விட்டிருக்கும், இல்லன்னா கேஸ் ஓடற காப்பர் பைப் மேல இன்சுலேஷன் விலகி அங்க வேர்க்கும்.

ரெண்டுல எதுன்னு இப்படி பாருங்க. ஏசிய ஒரு நாள் நிறுத்தி அந்த இடத்த காயவிட்டுட்டு, அந்த ஷீட்ட கழட்டிட்டு, மெக்கானிக்க விட்டு ட்ரேல ஒரு லிட்டர் தண்ணி மெதுவா ஊத்தச் சொல்லி கூலிங்ல போடுங்க, நிறைய மாடல்ல கூலிங்ல போட்டாதான் பம்பு ஓடும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள அதே இடத்துல ஒழுகினா ட்ரெயின் பைப்புதான். அப்ப ஒழுகாம, மணிக்கணக்கா ஓடினப்புறம் மட்டும் சொட்டினா அது வேர்வை. நம்ம கடலோர ஈரத்துக்கு சில்லுனு இருக்கற பைப்புல ரெண்டு இஞ்ச் வெறுமன தெரிஞ்சா போதும், ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு மாதிரி நாள் முழுக்க வடியும். நிறைய இன்வெர்ட்டர் மாடல்ல ரெண்டு காப்பர் பைப்புல சின்ன பைப்பும் சில்லுனுதான் இருக்கும், அதனால பெரிய பைப்புக்கு தனியா சின்ன பைப்புக்கு தனியா இன்சுலேஷன் போட்டிருக்கணும். உள்ளுக்குள்ள போற ட்ரெயின் பைப்புக்கும்தான்.

ஆனா நான் அதிகமா பாத்தது வாட்டக் கோளாறுதான், அதாவது ட்ரெயின் பைப் சரிவா இல்லாதது. நெல்லிக்குப்பம் ரோடு பக்கம் ஒரு கிளினிக்ல இதே புகார்னு சீலிங்க பிரிச்சேன், பிவிசி பைப்ப ஒரே ஒரு இடத்துல கட்டுக்கம்பியால கட்டி விட்டிருந்தாங்க, நடுவுல தொட்டில் மாதிரி தொய்ஞ்சு போயிருந்துச்சு, அந்தத் தொய்வ அறுத்தா கஞ்சி மாதிரி பழுப்பா வழவழன்னு பாசி. பம்பு பாவம், தள்ளிப் பாத்துட்டு எங்க ஜாயிண்ட் இளகலா இருந்துச்சோ அங்க பிச்சுக்கிச்சு. கேசட்ல பம்பு தண்ணிய ஏசி பக்கத்துலயே நேரா மேல தூக்கும், எவ்வளவு தூக்கும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், கூட வர்ற புக்குல போட்டிருக்கும். தூக்கினதுக்கு அப்புறம் வெளிய வர்ற வரைக்கும் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேணும், மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வேணும், நடுவுல எங்கயும் திரும்ப மேல ஏறக்கூடாது. ரசமட்டம் வச்சு பாக்கச் சொல்லுங்க, கண்ணால பாத்து சரின்னா ஒத்துக்காதீங்க. அப்புறம் சீலிங்க மூடும்போது அந்த இடத்துல கை நுழையற அளவுக்கு ஒரு சின்ன கதவு வச்சிடுங்க.

கேள்வி: புது ஏசி பைப் இணைச்சதும் வேக்கம் போடாம (பம்பால உள்ள இருக்கற காத்த உறிஞ்சாம), அவுட்டோர் வால்வ லேசா திறந்து கேஸ் விட்டே காத்த வெளிய தள்ளிட்டேன்னு மாட்ட வந்த பையன் சொல்றான். போதுமா அண்ணே? (வில்லியனூர்)

பதில்: போதாது தம்பி. காத்து போனாலும் அதுல இருந்த ஈரம் பைப்புக்குள்ளயே தங்கும், அது ஆயிலோட சேந்து நாளடைவுல கம்ப்ரஸர அரிக்கும். இப்ப நிறைய ஏசில வர்ற ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கற கேஸ் வேற. கேஸ வெளிய விடாம எடுத்து வச்சுட்டு, நைட்ரஜன் அடிச்சு லீக் பாத்து, வேக்கம் பம்பு போட்டு உள்ள இருக்கற அழுத்தத்த 500 மைக்ரானுக்கு (வேக்கம் அளக்கற அலகு) கீழ இறக்கி, பம்ப நிறுத்தினதும் முள்ளு ஏறாம நிக்குதான்னு பாத்துட்டுதான் வால்வ திறக்கணும். அந்தப் பையன கோச்சுக்காதீங்க, கத்துக் குடுத்தவங்க அப்படி.

கேள்வி: புதுச்சேரில எங்க தாத்தா வீட்டு முன்ஹால கஃபேயா மாத்தறோம். தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ். கேசட் தொங்கவிடலாமா?

பதில்: தொங்கவிடலாம், ஆனா செங்கல்லுல தொளை போட்டு ஆங்கர் போல்ட் அடிக்கவே கூடாது. அது காங்கிரீட் இல்ல, செங்கல்ல குத்தவச்சு சுண்ணாம்புல அடுக்கினது, போல்ட்டு பிடிக்காது, அடிக்கற அதிர்வுலயே காரை உதிரும். ரெண்டு டன் மிஷின் பேனலோட முப்பது கிலோ கிட்ட வரும், கீழ ஆளுங்க உக்காந்து காபி குடிக்கப் போறாங்க. சுவத்துக்கு சுவர் ஒரு இரும்பு சேனல் குடுத்து அதுல நாலு திரெட் ராடு தொங்கவிடுங்க, சுவர் தாங்குமான்னு ஒரு இன்ஜினியர கூப்ட்டு காட்டிட்டு செய்யுங்க. கட்டைய தொளைக்காதீங்க, கரையான் தின்னிருக்கான்னு வெளிய தெரியாது. என்ன கேட்டா அந்தக் கட்டைங்க அழகு, அத ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கறதவிட சுவத்துல ரெண்டு ஸ்ப்ளிட் மாட்டிடுங்கன்னுதான் சொல்வேன். எதுவானாலும் அவுட்டோர் யூனிட்ட மொட்டைமாடில சும்மா ஸ்டாண்டுல உக்கார வைக்காதீங்க, 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுலதான் கரை ஏறுச்சு. ஸ்டாண்ட கைப்பிடிச் சுவரோட இல்ல, வீட்டு பாரம் தாங்கற சுவரோட துருப்பிடிக்காத போல்ட்டு போட்டு இறுக்குங்க.