ஏழாவது தோல்விக்குப் பிறகு வரும் சந்தேகம்

கேள்வி: வணக்கம் சார். தினமும் ராத்திரி ஆன்லைனில் பத்து நிமிட செஸ் ஆட்டமாக நாலு ஆட்டம் ஆடுவேன். ரேட்டிங் 1340 வரை போனது, இரண்டே மாதத்தில் 180 புள்ளி சரிந்து இப்போது 1160-ல் நிற்கிறேன். போன வாரம் ஒரே இரவில் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றேன். அதில் நாலு பேராவது என்ஜினை, அதாவது சிறந்த நகர்த்தலைச் சொல்லிவிடும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பார்த்துத்தான் ஆடினார்கள் என்று அடித்துச் சொல்வேன். அவருடைய நகர்த்தல்கள் என்ஜின் சொல்வதற்கு எவ்வளவு நெருக்கம் என்று தளம் காட்டுகிற துல்லியம் ஒருவருக்கு 94 சதவீதம் வந்தது. இன்னொருவர் கணக்கு ஆரம்பித்து 12 நாள்தான் ஆகிறது. நாலு பேர் மீதும் புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சாட்டில் திட்டியும் விட்டேன். ஏமாற்றுக்காரர்களோடு ஆடி என்ன பிரயோஜனம்? விட்டுவிடவும் மனசு வரவில்லை.

பதில்: ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள், அது உங்கள் கற்பனை இல்லை. செல்போனில் இலவசமாகக் கிடைக்கிற ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் உலக சாம்பியனையே சிரமமில்லாமல் தோற்கடிக்கும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுவதற்குத் திறமை எதுவும் வேண்டாம். 2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்த் நிவாரண நிதிக்காகப் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார், அதில் ஒரு தொழிலதிபர் அவரை ஜெயித்துவிட்டு மறுநாள் கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியதைத் தானே ஒப்புக்கொண்டார். ஐந்து முறை உலக சாம்பியனாக இருந்தவருக்கே இது நடந்திருக்கிறது என்றால் உங்களுக்கும் எனக்கும் நடக்காமல் இருக்காது. ஆனால் உங்களுடைய 180 புள்ளியை அவர்கள்தான் கொண்டுபோனார்களா என்பது வேறு கேள்வி, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சம பலமுள்ளவரிடம் ஓர் ஆட்டம் தோற்றால் சுமார் எட்டு புள்ளி போகும். அப்படியானால் 180 புள்ளி இறங்க, ஜெயித்ததைவிட இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆட்டம் கூடுதலாகத் தோற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் நாலு ஆட்டம் வீதம் இரண்டு மாதத்தில் 240 ஆட்டம். டிராவை விட்டுவிட்டால் 109 வெற்றி, 131 தோல்வி. நூற்றுக்கு ஐம்பது ஜெயித்துக்கொண்டிருந்தவர் நாற்பத்தைந்து ஜெயித்திருக்கிறீர்கள். தூக்கம் குறைந்தாலே இந்த அளவு ஆட்டம் இறங்கும். சரி, தொடர்ந்து ஏழு தோல்வி? காசைச் சுண்டிப் பூவா தலையா பாருங்கள், 240 தடவை சுண்டினால் எங்காவது ஓரிடத்தில் ஏழு முறை தொடர்ந்து பூ விழுவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அது விழுகிற ராத்திரி நமக்கு மட்டும் எதிராக ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும், அதை நானும் அனுபவித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். எல்லா ஆட்டத்திலும் என்ஜினைப் பார்த்து ஆடுகிறவர் 1160-ல் உட்கார்ந்திருக்க மாட்டார். ஜெயித்துக்கொண்டே மேலே போய்விடுவார், அல்லது மாட்டிக்கொள்வார். போகிற வழியில் உங்கள் மீது ஒருமுறை மோதலாம். அவ்வப்போது மட்டும் எட்டிப் பார்த்து ஆடுகிறவர்கள் உங்கள் மட்டத்திலும் இருப்பார்கள்தான், ஆனால் ஒரே இரவில் ஏழில் நாலு பேர் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

94 சதவீதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். துல்லியம் என்பது அவர் எவ்வளவு பலசாலி என்பதைக் காட்டும் எண் இல்லை, அந்த ஒரு ஆட்டத்தில் அவர் முன்னால் வந்த கேள்விகள் எவ்வளவு சுலபமாக இருந்தன என்பதும் அதில் கலந்திருக்கிறது. முதல் எட்டு நகர்த்தல் இருவருக்கும் மனப்பாடம். பதினோராவதில் நீங்கள் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டீர்கள், அவர் எடுத்தார், அப்புறம் காய்க்குக் காய் மாற்றிக்கொண்டே வந்து இருபத்திரண்டாவதில் நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள் என்றால் அவருக்கு யோசிக்க வேண்டிய இடமே வரவில்லை. 94 வந்துதான் தீரும். நீங்கள் ஜெயித்த ஆட்டங்களைப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள், உங்களுக்கும் அந்த மாதிரி எண் நாலைந்து கிடக்கும். அன்றைக்கு உங்களை நீங்களே சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள். 12 நாள் கணக்கும் அப்படித்தான். பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் புதுக்கணக்கு தொடங்கிய பழைய ஆட்டக்காரராக இருக்கலாம், நேரில் பல வருடம் ஆடிவிட்டு இப்போதுதான் ஆன்லைனுக்கு வந்தவராகவும் இருக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் கேஸ்லிங் முடித்து, அதாவது ராஜாவை யானைக்குப் பக்கத்தில் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ராஜா பத்திரமாக இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன். எதிராளி முப்பது விநாடி யோசித்துவிட்டு, தன் பிஷப்பைக் கொண்டுவந்து எச்7 என்ற கட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்த என் சிப்பாயை வெட்டி செக் கொடுத்தார். சும்மா ஒரு பிஷப்! ராஜாவால் எடுத்தேன். குதிரை ஜி5-க்குப் பாய்ந்து மறுபடி செக். ராஜா பின்வாங்கியதும் ராணி எச்5-க்கு வந்து நின்றது, அதற்கு மேல் நான் என்ன செய்தாலும் தப்பிக்க முடியவில்லை. மனிதன் இப்படி ஆட மாட்டான், இது மெஷின்தான் என்று கை நடுங்க நடுங்கப் புகார் பட்டனை அழுத்தினேன். மறுநாள் ஆற அமர உட்கார்ந்து தேடினால் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது, ‘கிரேக்கப் பரிசு’ என்பார்கள். 1600-களில் கிரேக்கோ என்ற இத்தாலியர் எழுதிவைத்த ஆட்டங்களிலேயே இந்த பிஷப் தியாகம் வருகிறது. நானூறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டு வரும் ஒரு தாக்குதலை அந்த ஆள் படித்திருந்தார், நான் படிக்கவில்லை. அந்தப் புகாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதன்பிறகு எஃப்6-ல் நின்று எச்7-ஐக் காக்கும் என் குதிரை இல்லாதபோது எச்7-ஐ ஒருமுறை பார்க்காமல் நான் எதையும் நகர்த்துவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். எதிராளி ஏமாற்றினார் என்று முடிவு கட்டிய நிமிடமே அந்த ஆட்டத்தை நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1997-ல் டீப் ப்ளூ கம்ப்யூட்டரோடு ஆடிய அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவ், இரண்டாவது ஆட்டத்தில் அது நகர்த்திய விதம் மெஷின் மாதிரி இல்லையே, பின்னால் மனிதர் யாராவது உதவுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். இன்றைய நம் சந்தேகத்துக்கு நேர் தலைகீழ். மனம் கலங்கி அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார், விட்டுக்கொடுத்த அந்த நிலையில் டிரா செய்ய வழி இருந்தது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கண்ணுக்கு அது தப்பியது. மீதி ஆட்டங்களிலும் அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, கடைசியில் இரண்டரைக்கு மூன்றரை என்று தோற்றார்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு மூடிவிடுங்கள், மூன்றாவது வேண்டாம். தோற்ற ஆட்டத்தை மறுநாள் காலையில் திறந்து, எதிராளியின் பெயரையும் ரேட்டிங்கையும் பார்க்காமல், உங்கள் பக்கம் முதலில் சறுக்கிய நகர்த்தல் எது என்று மட்டும் தேடுங்கள். பெரும்பாலும் அவருடைய ‘அபாரமான’ நகர்த்தலுக்கு இரண்டு மூன்று நகர்த்தல் முன்னாலேயே அது இருக்கும். அவர் என்ஜினே வைத்திருக்கட்டும், உங்கள் ராணியைக் காவல் இல்லாத கட்டத்தில் கொண்டுபோய் வைத்தது அவர் இல்லையே. இதையெல்லாம் பார்த்த பிறகும் உறுத்தல் போகவில்லையா, ஒருமுறை புகார் கொடுங்கள், பிளாக் செய்யுங்கள், மறந்துவிடுங்கள். பின்னால் அவர் மாட்டினால் நீங்கள் இழந்த புள்ளி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், பெரிய தளங்கள் அதைச் செய்கின்றன. சாட்டில் திட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கான காரணத்தை மூன்றாவது கடிதத்தில் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் நிஜமாகவே ஏமாற்றுகிறவரை நாமே கண்டுபிடிக்க வழியே இல்லையா?

பதில்: ஒரே ஆட்டத்தை வைத்து முடியாது. சந்தேகப்படலாம், அவ்வளவுதான். நான் முதலில் பார்ப்பது நேரத்தை. நீங்கள் ஒரு காயை வெட்டினீர்கள், அவர் திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை, மனிதர் என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடுவார். அதற்கும் ஏழு விநாடி, மிகச் சிக்கலான நிலையிலும் அதே ஏழு விநாடி என்று ஆட்டம் முழுக்கப் போனால் எங்கோ எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். அதேபோல, நேரம் இருக்கும்வரை பிரமாதமாக ஆடியவர் கடைசிப் பத்து விநாடியில் கைக்கெட்டும் செக்மேட்டைக்கூடக் காணாமல் தடுமாறுவது. ஆனால் நேரம் நெருக்கினால் நாம் எல்லோருமே தடுமாறுகிறோம், நெட் மெதுவாக இருந்தாலும் ஏழு விநாடி ஆகும். தளங்கள் பல ஆட்டங்களைச் சேர்த்துவைத்து, நகர்த்தல்கள் என்ஜினோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன, அந்த ரேட்டிங்கில் இருக்கிறவருக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று புள்ளியியல் முறையில் பார்க்கின்றன. பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் ரீகன் இதற்கென்றே கணக்குமுறை உருவாக்கியவர், சர்வதேச செஸ் கூட்டமைப்பும் அதைப் பயன்படுத்தியிருக்கிறது. அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். புகார் கொடுத்த மறுநாளே ஒன்றும் நடக்காததற்கும் இதுதான் காரணம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. ஆறு மாதமாகக் காலையில் எழுந்ததும் செஸ் புதிர்கள் (பஸில்) போட்டுப் பயிற்சி எடுத்து ரேட்டிங்கில் 900-லிருந்து 1450-க்கு வந்தேன். இப்போது ஜெயித்தாலே ‘எந்த என்ஜின்?’ என்று கேட்கிறார்கள். ஒருவர் மிக மோசமாக எழுதினார். அன்றிலிருந்து நல்ல நகர்த்தல் தெரிந்தாலும் உடனே ஆடத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: கடைசி வரியைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. உழைத்துக் கண்டுபிடித்த நகர்த்தலை ஆடத் தயங்குகிறீர்கள், அதுவும் முகம் தெரியாத ஒருவர் தோற்ற எரிச்சலில் தட்டிவிட்ட இரண்டு வார்த்தைக்காக.

நிரபராதி என்று நிரூபிக்க உங்களால் முடியாது, யாராலும் முடியாது, அதனால் முயலாதீர்கள். 2006-ல் ரஷ்யாவின் எலிஸ்தாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ரஷ்ய ஆட்டக்காரர் கிராம்னிக் அடிக்கடி கழிவறைக்குப் போகிறார், அங்கே ஏமாற்றுகிறாரோ என்று எதிர்த்தரப்பு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அவருடைய தனிக் கழிவறையைப் பூட்டினார்கள். அவர் ஆட மறுத்ததால் ஓர் ஆட்டம் ஆடாமலே எதிராளி டோபலோவுக்குப் போனது. அப்படியும் கடைசியில் பட்டத்தை ஜெயித்தார். அந்த வலியை அனுபவித்த அதே கிராம்னிக்தான் சமீப வருடங்களில் ஆன்லைன் ஆட்டங்களின் எண்களைக் காட்டிப் பல பேர் மீது பகிரங்கமாகச் சந்தேகம் கிளப்பினார். அவர்களில் ஒருவர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, ஆயிரக்கணக்கானோர் அவரிடம் வீடியோ வழியாக செஸ் கற்றிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் 29 வயதில் அவர் இறந்துபோனார். அவர் மரணத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுகள் தன்னை எவ்வளவு பாதித்தன என்று தன் கடைசி நேரலையில் அவரே பேசியிருந்தார். முதல் கடிதம் எழுதிய நண்பருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன், சாட்டில் தட்டுகிற வார்த்தை மறுபக்கம் யார் மேல் போய் விழுகிறது என்று நமக்குத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது, செட்டிங்கில் சாட்டை மூடிவிடுவது. மோசமாக எழுதியவர் மீது அவதூறு என்று புகார் கொடுங்கள். அப்புறம் முடிந்தால் நேரில் நடக்கும் ஒரு ரேட்டிங் போட்டியில் பெயர் கொடுங்கள். எதிரே ஆளும் நடுவே பலகையும் மட்டும் இருக்கும்போது அந்தத் தயக்கம் சீக்கிரம் கழன்றுவிடும்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் பக்கத்தில் போனை வைத்து என்ஜின் பார்த்து ஆடுவதைக் கண்டுபிடித்துவிட்டேன். கேட்டால் ‘எல்லாரும் அப்படித்தான் ஆடுறாங்க’ என்கிறான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். சரியா?

பதில்: பிடுங்கி வைத்தது சரி, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ‘எல்லாரும்’ என்று அவன் சொல்கிறானே, அதைக் கவனியுங்கள். தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் எதிராளி ஏமாற்றினான் என்று யாரோ சொல்லக் கேட்டு, அல்லது தானே நினைத்து, அப்புறம்தான் நாமும் செய்தால் என்ன என்ற இடத்துக்கு வந்திருப்பான். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன் பன்னிரண்டு வயதிலும் பதினாறு வயதிலும் ஆன்லைனில் ஏமாற்றியதை 2022-ல் தானே ஒப்புக்கொண்டார். அந்த வருடம் அவர் நேரில் பலகையில் அன்றைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை ஜெயித்தபோது, அந்த ஆட்டத்தில் ஏமாற்றினார் என்பதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லாதபோதும், உலகமே அந்தப் பழைய விஷயத்தைத்தான் பேசியது. இதை மிரட்டலாக இல்லாமல் கதையாகச் சொல்லுங்கள், அவனுக்குப் புரியும்.

அந்தக் கணக்கை அவனையே மூடச் சொல்லுங்கள். புதுக்கணக்கு எதிலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், நீங்களே பலகையை விரித்து அவனோடு உட்காருங்கள். உங்களுக்கு ஆடத் தெரியாது என்றால் இன்னும் நல்லது, யானை எப்படிப் போகும் என்பதிலிருந்து அவன் சொல்லிக்கொடுக்கட்டும்.