கூடப் போய் உட்காருவதும் வேலைதான்

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயக் குடும்பம். வயது 26, பி.காம். இரண்டு வருடம் டிப்ரஷனில் கிடந்தேன், மருந்தும் கவுன்சலிங்கும் எடுத்து இப்போது நன்றாக இருக்கிறேன். என்னைப் போல் கஷ்டப்படுகிறவர்களுக்குத் துணையாக இருப்பதையே வேலையாக்கிக்கொள்ள முடியுமா? "வெளியே தெரிந்தால் யார் கட்டிக்குவா" என்று அம்மா பயப்படுகிறார்.
— பெயர் வேண்டாம்

பதில்: முடியும் தங்கச்சி. நம் மலைக்கு நீங்கள் கட்டாயம் வேண்டும்.

பந்தலூர் பக்கம் சில வருடம் சமூகப் பணியாளராக இருந்தேன். மாத்திரையை அரசு இலவசமாகவே கொடுக்கும், ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மழையில் பஸ்ஸுக்கு நின்று, ஊர்க்காரர் யார் கண்ணிலும் படாமல் போய்வர வேண்டும் என்பதாலேயே பாதியில் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்தேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது கூட பஸ் ஏறி வர ஓர் ஆள், "எனக்கும் முதல் வாரம் தூக்கமாவே வந்துச்சு, அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லி டோஸை மாத்தினோம்" என்று சொல்லக்கூடிய ஓர் ஆள். இதை எந்தப் பட்டமும் தராது. குஜராத்தில் அரசு மனநல மருத்துவமனைகளிலேயே, நோயைக் கடந்து வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து சக ஆதரவாளர்களாகச் சேர்த்தார்கள்.

ஆனால் ஒன்று, உங்கள் கதையை அளவாகச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் தன் கதையைப் பேச ஆரம்பிக்கிற வரைதான் அது தேவை. மருந்தைக் கூட்டு, குறை என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் தனியாகச் சுமக்காமல் உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது, இரவிலும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

படிப்பு? சக ஆதரவாளர் வேலைகள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களில்தான் வருகின்றன, சம்பளமும் கொஞ்சம்தான். நிலையான வேலை வேண்டுமென்றால் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலை படியுங்கள், இரண்டு வருடம், எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம், மருத்துவம்-மனநலம் பிரிவை எடுங்கள். அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. மூன்று மாத சான்றிதழை வைத்துக்கொண்டு 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டுகிறவர்கள் பக்கம் போகவே வேண்டாம். சில இடங்களில் சேவைதானே என்று இலவசமாக வேலை வாங்கப் பார்ப்பார்கள், அதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பஸ் செலவாவது கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் பயத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஊர் அப்படித்தான் இருக்கிறது. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை வெளியே விட முடியாது. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வேலையைக் கோத்தகிரியில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, குன்னூரிலோ கூடலூரிலோ தொடங்கலாம்.

ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்தவர் அழுகையைக் கேட்டுவிட்டு வருகிற அன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருமா? உங்கள் டாக்டரிடம் இதைப் பேசிவிட்டு இறங்குங்கள். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, அங்கே இருக்கும் சமூகப் பணியாளரிடம், "ஒரு நாள் உங்களோடு இருந்து பார்க்கலாமா அக்கா?" என்று கேளுங்கள்.